ஏணியைப் பிடிக்க யாருமில்லை

ககோஷிமா
2 டிசம்பர் 1983

யசுகோவுக்கு,

டிசம்பர் பிறந்தும் இங்கே வெயில் உறைக்கிறது. மேல்கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு அலைகிறேன். அங்கே நம் மலையில் முதல் பனி விழுந்திருக்கும்.

அன்றைக்கு டெலிபோனில் பேச்சு பாதியில் அறுந்ததற்கு நான் காரணமில்லை. விடுதியில் போன் இருப்பது நடைபாதையில். தோளில் துண்டோடு குளிக்கப் போகிறவர்கள் ஒவ்வொருவராக என்னை இடித்துக்கொண்டு போகிறார்கள். அங்கே நின்றுகொண்டு நீ கேட்ட கேள்விக்கு என்ன பதில் சொல்வது? அதனால்தான் வைத்துவிட்டேன். சரி, நான்தான் வைத்தேன். இனிமேல் கடிதத்தில் பேசுவோம். கத்தாமல் பேசலாம்.

உடம்பு ஓய்ந்துபோய்விட்டது. ஊர்தான் மாறுகிறது; அதே பொதுக்கூடம், அதே மடக்கு நாற்காலி, அதே ஆறிப்போன டீ. "நம்ம சென்செய் பனி நாட்டுலேருந்து வந்திருக்காரு" என்று இந்த ஹைக்கூ வாத்தியாரை அறிமுகம் செய்வார்கள். உடனே யாராவது ஒருவர் கையைத் தூக்குவார். நேற்று ஓர் ஆரஞ்சுத் தோட்டக்காரர், "சென்செய், பனி விழுறப்போ சத்தம் கேக்குமா?" என்றார். "மத்த சத்தமெல்லாம் கேக்காம போகும், அதுதான் அதோட சத்தம்" என்றேன். ஐம்பது பேரும் குனிந்து எழுதிக்கொண்டார்கள். இதே பதிலை எத்தனை ஊரில் சொல்லியிருக்கிறேன் தெரியுமா? எனக்கே நான் அலுத்துப்போனேன்.

பிறகு அவர்களை வெளியே விரட்டினேன். பஸ் நிலையத்துக்குப் போ, முடிதிருத்தும் கடைக்குப் போ, மீன் ஏலத்துக்குப் போ. கண்ணால் பார்த்ததை மட்டும் ஹைக்கூவாக எழுது, கற்பனை வேண்டாம் என்று. அந்த ஒரு மணி நேரம்தான் எனக்கு ஓய்வு. நானும் முடிதிருத்தும் கடையில் போய் உட்கார்ந்தேன். கடைக்காரர் தன் தலையைத் தானே கண்ணாடியில் பார்த்துக் கத்தரித்துக்கொண்டிருந்தார். பத்திரிகையில் அடுத்த பத்திக்கு அது போதும்.

முரகோஷி சான் நம் ஊர் ஹைக்கூ வட்டத்தின் கவிதைகளை, வழக்கம்போல எழுதியவர் பெயரில்லாமல் நகலெடுத்து, மதிப்பெண் போட குமமோட்டோ விடுதிக்கு அனுப்புவதாக எழுதியிருக்கிறார். பத்தாம் தேதியிலிருந்து அங்கேதான் இருப்பேன். ஒரு பெட்டி ஆரஞ்சு அனுப்பியிருக்கிறேன். அழுகியதை முதலில் பொறுக்கிப் போட்டுவிடு.

ஷிகெரு

*

தோக்காமாச்சி
8 டிசம்பர்

உங்களுக்கு,

பருவத்தை விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வரும் நாசூக்கு எனக்கு வராது. பனி முழங்கால் வரை வந்துவிட்டது. அவ்வளவுதான்.

ஆரஞ்சு வந்தது. போனை நீங்கள் வைத்ததால் என் கேள்வி உங்கள் காதில் முழுசாக விழுந்ததோ இல்லையோ, மறுபடி கேட்கிறேன். இந்தக் குளிர்காலம் வீட்டில் இருப்பீர்களா, மாட்டீர்களா? இருப்பேன், மாட்டேன் என்று ஒரு வார்த்தையில் பதில் சொன்னால் போதும்.

உங்கள் பத்திரிகைப் பத்தியை ஒன்று விடாமல் படிக்கிறேன். அகிதா ரயில் நிலையத்து அடுப்பைப் பற்றி எழுதினீர்கள். எங்கோ ஒரு பொதுக் குளியல்கூடத்தின் செருப்பு அலமாரியைப் பற்றி எழுதினீர்கள். தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் "என்னமா பாக்குறாரு, வாத்தியாரம்மா!" என்று என்னிடம் உருகுகிறார்கள். நம் சமையலறைக் குழாய் போன குளிரில் உறைந்து வெடித்தது உங்களுக்குத் தெரியுமா? தெரியாது. அதைப் பார்க்க ரயிலேறிப் போக வேண்டியதில்லையே, அதனால்தான்.

எதிர்வீட்டு இனாபா சான் போன வாரமே டோக்கியோவுக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார். தெருவில் ஆம்பிளைகள் எல்லோரும் போயாயிற்று, மார்ச்சில்தான் திரும்புவார்கள். அவர் மனைவி என்னிடம், "எங்க வீட்டுக்காரரு சிமெண்டு மூட்டை தூக்கப் போயிருக்காரு, உங்க வீட்டுக்காரரு ஹைக்கூவோட பதினேழு அசை தூக்கப் போயிருக்காரு. வந்தா ரெண்டு பேருக்கும் முதுகு பிடிச்சு விடணும்" என்றாள். சிரித்தேன். வீட்டுக்குள் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

கூரைப் பனியைத் தள்ளாவிட்டால் வீடு என்னவாகும் என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டாம். இந்த வருஷம் நான் ஏற மாட்டேன். எனக்கு அறுபது ஆகிறது.

கனசவாவிலிருந்து ரெய்கோ எழுதியிருக்கிறாள். மிட்டாய்க் கடையை அவளால் தனியாகப் பார்த்துக்கொள்ள முடியவில்லையாம், முழங்கால் போய்விட்டது. "அக்கா, யாருக்காக அங்க கதவத் தொறந்து வச்சிட்டு உக்காந்திருக்கே? மாடி அறை காலியாத்தான் கெடக்கு. வந்துடு. சும்மா பார்த்துட்டுப் போக இல்ல, ஒரேயடியா வந்துடு" என்கிறாள். ஜனவரி பாதிக்குள் சொல்ல வேண்டும், இல்லையென்றால் வேறு ஆள் வைத்துக்கொள்வாள்.

எனக்குப் போக இஷ்டமில்லை. இந்த வீடு எனக்குப் பிடிக்கும். எரிச்சலாக இருந்தாலும் உங்களையும் பிடிக்கும். அதனால்தான் கேட்கிறேன்.

யசுகோ

*

குமமோட்டோ
14 டிசம்பர்

யசுகோவுக்கு,

இங்கே செவ்வந்திகள் இன்னும் வாடவில்லை. விடுதிக்கார அம்மா தினம் ஒன்றை வெட்டி என் மேஜையில் வைக்கிறாள்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ஒரு வார்த்தையில் கேட்கிறாய். ஒரு வார்த்தையில் சொல்ல எனக்கு வழியில்லை. ஜனவரி பாதி வரை வகுப்புகள் ஒப்புக்கொண்டுவிட்டேன். சுற்றுவட்டாரத்து நூலகங்கள், முதியோர் சங்கங்கள். நேற்று ஒரு விதவை, பஸ்ஸில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து வந்திருந்தாள், வாழ்நாளில் எழுதிய ஒரே கவிதையைக் காட்ட. அவளிடம் போய் என் வீட்டுக் கூரை என்று எப்படிச் சொல்வேன்? எனக்கு மட்டும் இந்த ஊர் ஊராக அலைவது இனிக்கிறது என்று நினைக்காதே. காலையில் கண் விழித்தால் எந்த ஊர் விட்டம் இது என்று தெரிவதில்லை. ஆறு மாதமாக எனக்கென்று உருப்படியாக ஒரு கவிதை வரவில்லை. அடுத்தவர் கவிதையைத் திருத்தித் திருத்தி என் கை மரத்துப்போயிற்று.

ரெய்கோவுக்கு இப்போதைக்குப் பிடிகொடுக்காமல் எழுது. தீயணைப்புப் படைப் பையன்கள் யாராவது கூரைக்கு ஏற மாட்டார்களா? கேட்டுப் பார்.

நம் வட்டத்தின் கவிதைகளுக்கு மதிப்பெண் போட்டு, முரகோஷி சானுக்கு இன்று தபாலில் சேர்த்துவிட்டேன். பெரும்பாலும் பழைய சரக்குதான். ஒன்று மட்டும் எனக்குக் கோபத்தைக் கிளப்பிவிட்டது. கேள்:

கூரைப் பனி தள்ளி
முதுகு நிமிர்த்தி, கீழே பார்த்தேன்
ஏணியைப் பிடிக்க யாருமில்லை

பனி நாட்டில் பிறந்தவர் எழுதுகிற வரியா இது? கீழே ஆள் நிற்காமல் நம் ஊரில் யார் கூரை ஏறுவார்கள்? சின்னக் குழந்தைக்குக்கூட அது தெரியும். படிக்கிறவன் கண்ணில் தண்ணீர் வர வேண்டும் என்று, சொகுசாகக் கணப்பில் கால் நீட்டிக்கொண்டு யோசித்து எழுதியது. 'இது பொய். இவர் கூரையில் ஏறியதே இல்லை' என்று குறிப்பெழுதிவிட்டேன். முரகோஷியின் மருமகளாக இருக்கும் என்பது என் சந்தேகம். டவுனில் வளர்ந்த பெண். பெயர் வெளியானதும் எனக்கு எழுது.

ஷிகெரு

*

தோக்காமாச்சி
21 டிசம்பர்

உங்களுக்கு,

பெயர் வெளியாகிவிட்டது. எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன்.

நேற்று முரகோஷி சான் வீட்டு மாடியில் கூட்டம். எப்போதும்போல டீ ஊற்றத்தான் போனேன். நீங்கள் ஊரில் இருந்த காலத்திலிருந்து அங்கே எனக்கு அதுதானே வேலை. முரகோஷி சான் மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு உங்கள் குறிப்புகளை ஒவ்வொன்றாகப் படித்தார். ரயில் நிலைய அதிகாரியாக இருந்தவர் இல்லையா, எதைப் படித்தாலும் வண்டி வருவதை அறிவிப்பது போலத்தான் படிப்பார். ஏணிக் கவிதை வந்தது. 'இது பொய். இவர் கூரையில் ஏறியதே இல்லை' என்று உரக்கப் படித்தார். வழக்கப்படி எழுதியவர் தானே தன் பெயரைச் சொல்ல வேண்டும். மருமகள் பாவம், எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு, "ஐயோ, நான் இல்ல" என்று கையை ஆட்டினாள்.

நான் டீக்கெண்டியைக் கீழே வைத்துவிட்டு, "யசுகோ" என்றேன்.

"வெளையாடாதீங்க, வாத்தியாரம்மா" என்றார் முரகோஷி சான்.

"வெளையாடல. எழுதிக்கோங்க. ஒகுமுரா யசுகோ."

"அடியம்மா! சொந்தப் பொண்டாட்டியவே பொய்யின்னுட்டாரா!" என்று இனாபாவின் மனைவி சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். "வேணும்னா இந்த ஒண்ண விட்டுட்டு அடுத்ததுக்குப் போயிடலாம்" என்று முரகோஷி சான் தாளைப் புரட்டப் பார்த்தார். "வேணாம். வழக்கம்னா எல்லாருக்கும் வழக்கந்தான்" என்றேன். மீதியை அவசரமாகப் படித்து முடித்துக்கொண்டு எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். டீயும் மிச்சமாகிவிட்டது.

ஏன் சீட்டில் எழுதிப் போட்டேன் என்று கேட்பீர்கள். கோபத்தில்தான். பெயர் இல்லாமல் போகிற சீட்டு, வேறொருவர் கையெழுத்தில் நகலாகி உங்களிடம் வரும். என் குரலாக இல்லாமல் யாரோ ஒருவர் குரலாக வந்தாலாவது காது கொடுப்பீர்கள் என்று நினைத்தேன். ஊரான் பேச்சு என்றால் உங்களுக்கு உயிராயிற்றே.

போன பிப்ரவரியில் ஏறினேன். அதற்கு முந்தின வருஷமும் ஏறினேன். நீங்கள் உங்கள் மாணவர்களுக்குச் சொல்வதைத்தான் நானும் செய்தேன். கண்ணால் பார்த்ததை எழுதினேன்.

யசுகோ

*

குமமோட்டோ
27 டிசம்பர்

யசுகோ,

மூன்று நாளாக எழுதிக் கிழித்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன். எழுதுவதுதான் என் பிழைப்பு என்று சொல்லிக்கொள்கிறவன், உனக்கு ஒரு பக்கம் எழுத முடியாமல் திண்டாடுகிறேன்.

எனக்கு எப்படித் தெரியும்? தனியாக ஏறுகிறாய் என்று நீ ஒரு வார்த்தை சொன்னதில்லையே. இனாபா பார்த்துக்கொள்கிறான் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். பெயர் தெரிந்திருந்தால் அப்படிக் குறிப்பு எழுதியிருப்பேனா? கவிதைக்கு மேல் வட்டக்குறி போட்டு முதல் இடம் கொடுத்திருப்பேன். இதை எழுதும்போதே இது இன்னும் மோசமாக இருக்கிறது என்று புரிகிறது. ஆனாலும் அந்த வரியை அடிக்கப் போவதில்லை. படித்துக்கொள்.

பெயர் சொன்ன பிறகு மதிப்பெண்ணை மாற்றக் கூடாது என்பது விதி. நானே வைத்த விதி. அதனால் வட்டத்தின் ஏட்டில் உன் கவிதை பொய்யாகவே இருக்கும். எனக்கு வெட்கமாக இருக்கிறது யசுகோ. நேற்று வகுப்பில் வழக்கம்போல 'பார்த்ததை மட்டும் எழுதுங்கள்' என்று தொடங்கி, பாதியில் நிறுத்தித் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். தொண்டை கட்டிக்கொண்டதாக நினைத்து, பாவம் யாரோ ஒரு பெண் மாத்திரை கொடுத்தாள்.

ஜனவரி 15 கடைசி வகுப்பு. 17 காலை வண்டியைப் பிடித்தால் 18 சாயங்காலம் வீட்டில் இருப்பேன். வந்தால் வசந்தம் வரை நகர மாட்டேன். கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்: இருப்பேன்.

அதுவரை தயவுசெய்து கூரையில் ஏறாதே.

ஷிகெரு

*

தோக்காமாச்சி
6 ஜனவரி 1984

உங்களுக்கு,

புத்தாண்டு சூப்பை ஒரு கிண்ணம் மட்டும் வைத்துக் குடித்தேன். உங்கள் பங்கு அரிசி உருண்டை டப்பாவில் இருக்கிறது. கல்லாகிவிட்டது, சுட்டால் சரியாகிவிடும்.

'சொன்னதில்லையே' என்று எழுதியிருக்கிறீர்கள். சொன்னேன். நீங்கள் மேஜையில் ஏதோ எழுதிக்கொண்டு 'ம்' என்றீர்கள். அந்த 'ம்' எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. போகட்டும். சண்டைக்கு எனக்கும் தெம்பில்லை.

முதல் இடமும் வட்டக்குறியும் எனக்கு எதற்கு? நான் கவிதாயினியாகப் போகிறேனா? ஒரு ஆள் கீழே நிற்க வேண்டும், அவ்வளவுதான் கேட்டேன்.

இந்த வருஷப் பனி சாதாரணப் பனி இல்லை. ஊரில் எல்லோரும் அதையே பேசுகிறார்கள். கூரைப் பனியின் கனத்தில் விட்டம் இறங்கி, உள்ளறைக் கதவுகள் நகர மாட்டேன் என்கின்றன. நேற்று சமையலறைக்குப் போகத் தோளால் முட்டித் தள்ளினேன். ராத்திரியில் மரம் முனகுகிறது. தீயணைப்புப் பையன்கள் பள்ளிக்கூடம், மருத்துவமனை என்று ஓடிக்கொண்டிருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. "சென்செய் வர்றாராமே, வந்ததும் நாங்களும் கூட நிக்கிறோம்" என்கிறார்கள். நீங்கள் வருவது ஊருக்கே தெரிந்துவிட்டது. நான்தான் சொன்னேன். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

உங்கள் ரப்பர் பூட்ஸ் விரிசல் விட்டிருந்தது, புதிது வாங்கி வைத்திருக்கிறேன். 18 சாயங்காலம் குளிக்க வெந்நீர் போட்டு வைப்பேன். ரெய்கோவுக்கு, 'இருபதாம் தேதி முடிவாகச் சொல்கிறேன், அநேகமாக வர மாட்டேன்' என்று எழுதிவிட்டேன். திட்டுவாள். திட்டட்டும்.

வழியில் சாப்பிடாமல் வராதீர்கள். வயிறு கெட்டால் நான்தான் பார்க்க வேண்டும்.

யசுகோ

*

குமமோட்டோ
12 ஜனவரி
(தபால் அட்டை)

டிக்கெட் வாங்கிவிட்டேன். 17 காலை. பெட்டி கட்டியாயிற்று. பூட்ஸுக்கு நன்றி. கூரையில் ஏறாதே, நான் வருகிறேன்.

ஷிகெரு

*

தோக்காமாச்சி
20 ஜனவரி

உங்களுக்கு,

இந்தக் கடிதத்தை குமமோட்டோ விடுதி முகவரிக்குத்தான் எழுதுகிறேன்.

18 சாயங்காலம் வெந்நீர் போட்டேன். ஆறியது. மறுபடி சூடாக்கினேன். 19ஆம் தேதியும் போட்டேன். பனியில் வண்டி எங்காவது நின்றிருக்கும் என்று நேற்று முரகோஷி சானை ரயில் நிலையத்துக்கு அனுப்பிக் கேட்டேன். அவர் பழைய ஆட்களிடம் விசாரித்துவிட்டு வந்து, வாசலிலேயே நின்றார். "தாமதந்தாம்மா, ஆனா வண்டியெல்லாம் வந்து சேந்திருக்கு" என்றார். உள்ளே வந்து டீ குடியுங்கள் என்றால் வரவில்லை. என் முகத்தைப் பார்க்க அவருக்குச் சங்கடமாக இருந்தது.

நான் போன் செய்து கேட்டிருக்கலாம். எண் இருக்கிறது. இரண்டு தடவை கையில் எடுத்து வைத்துவிட்டேன். நீங்களே எடுத்துப் பேசிவிட்டால் என்ன செய்வது என்று பயம்.

அதனால் கடிதம் எழுதுகிறேன். சொன்னபடி 17ஆம் தேதி நீங்கள் கிளம்பியிருந்தால், வழியில் எங்கோ மாட்டிக்கொண்டிருந்தால், இந்தக் கடிதம் உங்கள் கையில் கிடைக்காது. பிரிக்காமல் அப்படியே இங்கே திரும்பி வரும், நீங்கள் வீடு வந்து பிரிப்பீர்கள். அப்படியானால் என்னை மன்னித்துவிடுங்கள். கனசவாவுக்கு ஒரு வார்த்தை எழுதினால் அடுத்த வண்டியில் ஓடி வந்துவிடுவேன், சத்தியமாக.

விடுதியிலேயே இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், நீங்கள் கிளம்பவே இல்லை. வேறு காரணம் எதையும் எனக்கு எழுத வேண்டாம்.

கூரை சரியாகிவிட்டது. இன்று காலை இனாபாவின் மனைவி, முரகோஷியின் மருமகள், மேலத் தெரு அக்காமார் இரண்டு பேர் எல்லோருமாக வந்துவிட்டார்கள். "வாத்தியாரு வர்ற வரைக்கும் வீடு நிக்காது, வாங்கடி" என்று இனாபாவின் மனைவிதான் முதலில் ஏறினாள். மருமகள் கீழே நின்றாள். டவுன் பெண் என்று சொன்னீர்களே, அரைநாள் பனியில் நகராமல் நின்றாள். மத்தியானம் எல்லோருக்கும் நூடுல்ஸ் போட்டேன். ரொம்ப நாளைக்கப்புறம் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவர்கள் போன பிறகு உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். கதவுகள் இப்போது நன்றாக நகர்கின்றன.

நாளைக் காலை கனசவாவுக்குக் கிளம்புகிறேன். சாவி இனாபா வீட்டில் இருக்கும். மிசோ ஜாடி கீழ் அலமாரியில். குழாயை ராத்திரி சொட்ட விட்டு வையுங்கள், இல்லையென்றால் உறைந்துவிடும்.

உங்கள் மேல் எனக்கு இப்போது கோபம்கூட இல்லை. அசதியாக இருக்கிறது.

யசுகோ

*

குமமோட்டோ
25 ஜனவரி

யசுகோ,

உன் கடிதம் கிடைத்தது.

காரணம் எழுத வேண்டாம் என்றாய். காரணம் என்று சொல்ல எதுவும் இல்லை. கடைசி வகுப்பு முடிந்ததும் நூலகத்துக்காரர்கள், "சென்செய், மாவட்டம் பூரா வந்து கூடுறாங்க, இன்னும் ஒரே ஒரு வாரம்" என்று கும்பிட்டார்கள். சரி என்று என் வாய் சொல்லிவிட்டது. டிக்கெட் சட்டைப் பையில் இருந்தது. உனக்குத் தந்தி கொடுக்க வேண்டும் என்று தினம் நினைத்தேன். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நீ அங்கேதான் இருப்பாய் என்று நினைத்தேன். இத்தனை வருஷமும் ஒவ்வொரு ஊரிலும் அதை நம்பித்தான் தூங்கினேன்.

திரும்பி வா என்று கேட்க மாட்டேன். இந்தக் கடிதத்தை ரெய்கோவின் கடைக்கு அனுப்புகிறேன். கிழித்துப் போட்டாலும் சரி.

நேற்று பெரிய கூட்டம். பனியைப் பற்றிப் பேசினேன். எழுந்து நின்று கை தட்டினார்கள். அசதியோடு விடுதிக்குத் திரும்பினேன். விடுதிக்கார அம்மா வாசலிலேயே உன் உறையை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"வீட்டுலேருந்து வந்திருக்கு சென்செய். நல்லவேளை, நீங்க கிளம்புறதுக்குள்ள வந்து சேந்துடுச்சு."

குனிந்து நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

ஷிகெரு